கரிசல் மண்ணில் திறந்த ரூட்டர்

கோவில்பட்டியின் தீப்பெட்டி ஆபீஸிலும், கடலைமிட்டாய்க் கடையிலும், ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் கம்ப்யூட்டர் சென்டரிலும் மூலையில் மினுக்கிக்கொண்டிருக்கும் ரூட்டர் ஒரு சின்னக் கணினிதான். அதற்கும் இயங்குதளம் உண்டு. விற்ற கம்பெனி சில ஆண்டுகளில் புதுப்பிப்பு அனுப்புவதை நிறுத்திவிடும். பெட்டி ஓடும், ஓட்டை அடைபடாது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை யாரும் மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் வசப்படுத்தியது.

இதற்கு மாற்றாக 2004 முதல் வளர்ந்துவருவது ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல ரூட்டர் இயங்குதளம். லிங்க்சிஸ் ரூட்டர் ஒன்றின் லினக்ஸ் மூலநிரலை, உரிம நிபந்தனைப்படி 2003-இல் வெளியிட வேண்டி வந்தது. அதிலிருந்து பிறந்தது இது. கம்பெனி கைவிட்ட பல பெட்டிகளுக்கு இதனால் பாதுகாப்புத் திருத்தம் தொடர்ந்து கிடைக்கிறது. ஒருவர் வீடியோ பார்க்கையில் இன்னொருவரின் விண்ணப்பம் தேங்காதபடி இணைப்பைப் பங்கிடவும் முடிகிறது. மெதுவான ஒரே இணைப்பைப் பத்துப் பேர் பகிரும் ஊரில் இது பெரிய வசதி.

குறைகளும் கனமானவை. ஒரே பெயரில் விற்கும் ரூட்டருக்குள் பதிப்புக்குப் பதிப்பு சில்லு மாறும். அடியிலுள்ள ஸ்டிக்கரைப் பார்க்காமல் வேறு பதிப்பின் கோப்பை ஏற்றினாலோ, பாதியில் கரண்ட் போனாலோ பெட்டி செத்துவிடலாம். 4 மெகாபைட் சேமிப்பும் 32 மெகாபைட் நினைவகமும் கொண்ட மலிவு ரூட்டர்களுக்கான அதிகாரபூர்வ ஆதரவு 2022-ஓடு முடிந்தது. மூலநிரல் வெளிவராத சில்லுகளில் வைஃபை திணறும். ஃபைபர் இணைப்பின் முதல் பெட்டி பெரும்பாலும் சேவை தருபவர் கையில்தான். நம் திறந்த ரூட்டரை அதற்குப் பின்னால்தான் மாட்ட முடியும்.

இரு பக்கத்தையும் எடைபோட நமக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. 2000-களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, சுற்றுவட்டாரக் கண் மையங்களைக் கம்பியில்லாமல் இணைத்தது. 266 மெகாஹெர்ட்ஸ் வேகச் சிறு பலகைகளில் லினக்ஸை ஏற்றி, நெடுந்தூரத்துக்குத் தாங்கும்படி வைஃபையின் நடைமுறையையே திருத்தினார்கள். மையத்தில் உட்கார்ந்த நோயாளியை மருத்துவமனை டாக்டர் வீடியோவில் பார்த்தார். மூடிய பெட்டியில் இந்தத் திருத்தத்துக்கு இடமே இருந்திருக்காது.

ஆனால் அவர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் பதிவு செய்கிறது: கோளாறுகளில் மிகப் பெரும்பாலானவை மோசமான மின்சாரத்தால் வந்தவை. வோல்டேஜ் ஏறி இறங்கி மெமரி கார்டில் இருந்த இயங்குதளமே கெட்டது. அதனால் அதை எழுத முடியாத பகுதியில் பூட்டினார்கள். மின்னழுத்தம் தாழ்ந்தால் தானே துண்டிக்கும் கருவி வைத்தார்கள். உள்ளூர் ஊழியர்களைப் பழக்கினார்கள்.

கரிசலுக்கு இந்தப் பாடம் இன்னும் கூர்மையாகப் பொருந்தும். ஈரத்தில் உப்பும் கரிசல் கோடையில் சுருங்கி வெடிக்கிறது. அப்போது எர்த் கம்பியைச் சுற்றி மண் விலகி, பிடிப்பு போகிறது. அந்த நிலையில் கோடை இடி இறங்கினால், எவ்வளவு நல்ல மென்பொருளும் பெட்டியைக் காப்பாற்றாது. எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் சிறு யு.பி.எஸ். வைப்பதும் நிறுவலின் பகுதிகளே.

என் தீர்ப்பு இது: கவனித்துக்கொள்ள ஆள் இருக்கும் இடத்தில் திறந்த இயங்குதளம் நல்லது, ஆள் இல்லாத இடத்தில் பழைய பெட்டியை மாற்றிப் புதிது வாங்குவதே பொறுப்பு. நிறுவியவர் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டால் அடுத்த திருத்தத்தை ஏற்றப்போவது யார் என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். கோவில்பட்டியில் நேஷனல் பொறியியல் கல்லூரி 1984 முதல் இருக்கிறது. ஊரில் ரிப்பேர் கடைகளுக்கும் பஞ்சமில்லை. மாணவர் ரூட்டரில் திறந்த இயங்குதளத்தை ஏற்றட்டும். கடைக்காரர் ஆண்டுக் கட்டணத்துக்குப் பராமரிக்கட்டும். பெட்டியின் பதிப்பும் அமைப்பும் ஒரு நோட்டில் எழுதப்படட்டும். அந்த ஏற்பாடு அமைந்தால்தான் இலவசமாகக் கிடைக்கும் இந்த மென்பொருள் ஊருக்குப் பயன்படும்.