துண்டும் ஒப்பந்தமும்: 1964 ஆம் ஆண்டு உடன்படிக்கையும் மலையக எழுத்தும்

அரசுகள் தம்முள் பேசித் தீர்க்கும் விடயங்களில் மக்கள் கொள்ளும் மனக்கசப்பு இருவகைப்படும். பேசுவதற்கு ஆணை கொடுத்தவர்கள், பேச்சு நீண்டு செல்வதையும் விரும்பிய பயன் கிட்டாமற் போவதையும் கண்டு கொள்ளும் கசப்பு ஒன்று. யாரைப் பற்றிப் பேச்சு நிகழ்கின்றதோ அவர்களே அப்பேச்சில் இடம்பெறாதபோது எழும் கசப்பு மற்றொன்று. முன்னதற்கு அண்மைக்கால உதாரணம் பிரித்தானியா. பின்னதற்கு உதாரணம் தேட இலங்கைத் தமிழ் வாசகன் கடல் கடக்க வேண்டியதில்லை. மாத்தளையின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களே போதும்.

பிரித்தானிய மக்கள் 2016 ஆம் ஆண்டு ஜூன் 23 இல், ஐரோப்பிய ஒன்றியத்தினின்று விலக வேண்டுமென 51.9 சதவீத வாக்குகளால் தீர்மானித்தனர். 2017 மார்ச் 29 இல் விலகல் அறிவித்தல் கொடுக்கப்பட்டது. பிரதமர் தெரேசா மே கொணர்ந்த உடன்படிக்கையை 2019 ஜனவரி 15 இல் பொதுமக்கள் சபை 432க்கு 202 என்னும் வாக்குகளால் நிராகரித்தது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மேலும் இருமுறை நிராகரித்தது. விலக வேண்டும் என்றோரும் விலகலாகாது என்றோரும் ஒருங்கே சலிப்புற்றனர். ஊர்வலங்கள் நிகழ்ந்தன, விலகல் அறிவித்தலை மீளப்பெறுமாறு கோரிய மனுவில் அறுபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். 2020 ஜனவரி 31 இல் விலகல் நிறைவேறியது. அச்சலிப்பு எத்துணைக் கடுமையானதாயினும் அதற்கு ஒரு முகவரி இருந்தது. நாடாளுமன்றம் இருந்தது, வாக்கு இருந்தது, பிரதமரைப் பதவி விலகச் செய்யும் வலிமை இருந்தது. ஆயின் அதே பேச்சில் வேறொரு தரப்பாரும் இருந்தனர். பிரித்தானியாவில் வாழ்ந்த முப்பது இலட்சமளவிலான ஐரோப்பிய ஒன்றியப் பிரசைகளுட் பெரும்பாலானோர்க்கு 2016 இல் வாக்கில்லை. அவர்தம் வதிவுரிமை இரு தரப்பாரும் கையில் வைத்திருந்த ஆட்டக் காயாகிவிட்டதென்ற முறைப்பாடு அந்நாளில் பலமாக ஒலித்தது. மலையகத்தார் நன்கறிந்த நிலை இதுவேயாகும்.

1964 ஆம் ஆண்டு அக்டோபர் 30 இல் புதுடில்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கடிதப் பரிமாற்றத்தின் வாயிலாகச் செய்துகொண்ட உடன்படிக்கை, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் என வழங்கப்படுகின்றது. அரசியல் வரலாற்றாசிரியர் அதனைப் பலவாறு ஆராய்ந்துள்ளனர். அதனை ஓர் எழுத்தாக, சொற்களாலும் எண்களாலும் கட்டமைந்த ஓர் ஆவணமாகப் படித்துப் பார்க்கும் முயற்சி அரிதாகவே நிகழ்ந்துள்ளது. இலக்கிய மாணவர் கைக்கொள்ளத்தக்க பணி அதுவாகும். மலையகத்தின் கதைகளும் கவிதைகளும் எந்த எழுத்துக்கு எதிராக எழுதப்பட்டனவோ, அந்த எழுத்தை அறியாமல் அவற்றின் தரத்தை மதிப்பிடுதல் இயலாது.

அவ்வாவணத்தின் முதற்பண்பு, அது எண்ணையே எழுவாயாகக் கொண்டிருத்தல். இலங்கைப் பிரசைகளாகவோ இந்தியப் பிரசைகளாகவோ ஏற்கப்படாத இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ 975,000 பேர் என அது கணக்கிடுகின்றது. அவருள் 525,000 பேரை, அவர்தம் இயற்கைப் பெருக்கத்தோடு, இந்தியா ஏற்கும். 300,000 பேருக்கு, அவர்தம் இயற்கைப் பெருக்கத்தோடு, இலங்கை பிரசாவுரிமை வழங்கும். எஞ்சிய 150,000 பேரின் எதிர்காலம் பின்னொரு காலத்திற் பேசப்படும். இவையனைத்தும் பதினைந்து ஆண்டுகளில் நிறைவேற வேண்டும். எஞ்சியோரை 1974 இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் 75,000 வீதம் சரிபாதியாகப் பங்கிட்டனர். யார் அந்த மூன்று இலட்சத்தார், யார் அந்த ஐந்தேகால் இலட்சத்தார் என்ற வினா அந்த எழுத்தில் இல்லை. தொகை முதலில் முடிவாயிற்று. ஆட்கள் பின்னர் தேடப்பட்டனர். விண்ணப்பங்கள் வந்தபோது, இலங்கையில் வாழ விரும்பியோர் தொகை குறித்த எல்லையை விஞ்சியது. இந்தியாவை விரும்பியோர் தொகை எல்லையை எட்டவில்லை. மக்களின் விருப்பம் கணக்கோடு பொருந்தாதபோது கணக்கு திருத்தப்படவில்லை; மக்களே திருத்தப்பட்டனர்.

இரண்டாவது பண்பு விகிதம். பிரசாவுரிமை வழங்குவதும் இந்தியாவுக்கு அனுப்புவதும் இயன்றவரை ஒன்றோடொன்று ஈடாகச் செல்ல வேண்டுமென்பது உடன்பாடு. 300,000க்கு 525,000 என்பது நான்குக்கு ஏழு. நால்வர் இலங்கையராவதற்கு எழுவர் கப்பலேற வேண்டும். 1967 ஆம் ஆண்டின் நடைமுறைப்படுத்தும் சட்டம் இந்த இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்திற்று. 1971 இல் வந்த திருத்தம், உண்மையாகவே நாட்டை விட்டுப் புறப்பட்டோர் தொகைக்கேற்பவே பிரசாவுரிமை என மீண்டும் இறுக்கிற்று. இதன் பொருளை லயத்து வாழ்விலே வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே லயத்தில், ஒரே சுவரின் இரு புறத்திலும் வாழ்ந்த குடும்பங்களுள் ஒன்றின் இருப்பு மற்றதன் புறப்பாட்டிலே தங்கிவிடுகின்றது. அண்டை வீட்டார் மூட்டை கட்டும்போது அழுகின்றவன், அவர் போவதனாலேயே தன் விண்ணப்பம் ஓரடி நகர்கின்றது என்பதையும் அறிந்திருக்கின்றான். இத்தகைய மனச்சிக்கலைப் படைக்கும் ஆற்றல் எந்தக் கதாசிரியனின் கற்பனைக்கும் எளிதில் வாய்ப்பதன்று. ஆட்சியாளரின் ஒரு வாக்கியம் அதனைப் படைத்துவிட்டது.

மூன்றாவது பண்பு விவரங்களிற் புலப்படுகின்றது. தொழிலில் இருப்போர் நாடு திரும்பும் வரை, அல்லது ஐம்பத்தைந்து வயது வரை, தொழிலில் நீடிக்கலாம். சேமலாப நிதியும் பணிக்கொடையும் உட்படத் தம் உடைமைகளை எடுத்துச் செல்லலாம். எடுத்துச் செல்லும் தொகைக்கு விதிக்கப்படும் உச்ச வரம்பு 4,000 ரூபாவிற் குறையலாகாது. மனிதாபிமானச் சலுகைகள் போலத் தோன்றும் இவ்வாசகங்கள், ஒரு வாழ்நாள் முழுமையையும் உழைப்புக் காலம், கணக்குத் தீர்த்தல், புறப்பாடு என்னும் மூன்று கூறுகளுள் அடக்கிவிடுகின்றன. பிறந்த மண், புதைத்த முன்னோர், கொண்டாடிய கோயில் ஆகியவற்றுக்கு அவ்வெழுத்தில் இடமில்லை.

இந்நடை மலையகத்துக்குப் புதியதன்று என்பதே இங்கு வற்புறுத்த வேண்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தோட்டங்களில் ‘துண்டு’ முறை நிலவிற்று. ஒரு தோட்டத்துத் தொழிலாளர் வேறொரு தோட்டத்துக்குச் செல்ல வேண்டின், அவர்தம் கடன் இவ்வளவு, அதனைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என ஒரு துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டாகும். மற்றைத் துரை தொகையைக் கட்டி ஆட்களைப் பெற்றுக்கொள்வார். எழுதியவரும் ஏற்றவரும் துரைமார், இடையே கங்காணி, கடனோடு கைமாறியவர் தொழிலாளர். 1921 இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து டில்லியில் எழுதப்பட்டது, அமைப்பு முறையில் நோக்குமிடத்து, இரு அரசுகள் தமக்குள் எழுதிக்கொண்ட பெரியதொரு துண்டேயாகும். தோட்டத் தொழிலாளரின் சங்கத் தலைவர்கள் அம்மேசையில் இருக்கவில்லை. 1947 பொதுத் தேர்தலில் எழுவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் 1949 இன் தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் வாக்கிழந்திருந்தனர். 1949 இன் இந்திய, பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தும், பிரசாவுரிமை பெற்றோர் 134,000 அளவினரே. ஒப்பந்தஞ் செய்த அரசு 1964 டிசம்பர் 3 இல் ஒரேயொரு வாக்கினால் தோல்வியுற்றது; ஒப்பந்தமோ வீழவில்லை. மக்களின் கசப்புக்கு முகவரி இருக்கவில்லை என்பதன் பொருள் இதுவே.

இனி இவ்வெழுத்துக்கு மலையக இலக்கியம் அளித்த மறுமொழியை நோக்கலாம். தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற புகைவண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுதியொன்றுக்கு அப்பெயரையே சூட்டினார். ஒப்பந்தகாலப் படைப்புகளின் மையப் படிமம் இதுவெனலாம்: புகையிரத நிலையம், கட்டிய மூட்டைகள், பிரிவோர் கதறல். இப்படிமத்தின் வலிமையை மறுத்தல் இயலாது. ஆவணம் எண்ணாகக் கண்டவரை அது முகமாகக் காட்டிற்று. ஆயினும் அதன் குறைபாடும் அங்கேயே உள்ளது. ஒப்பாரி விதியை நோக்கிப் பாடப்படுவது, பேச்சுவார்த்தையோ விதியன்று. அது குறித்த நாளில், குறித்த மனிதரால், குறித்த நலன்கள் கருதி நடத்தப்பட்டது. பிரிவுத் துயரை மட்டுமே பாடும் படைப்பு, மனிதர் செய்த தீங்கை மரணத்துக்கு ஒப்பான இயற்கை நிகழ்ச்சியாக மாற்றிவிடும் ஆபத்துடையது. கோச்சி நகரும் அந்த ஒரு நாளைவிட, அதற்கு முன்னே கழிந்த ஆண்டுகளே உண்மையான கொடுமை. விண்ணப்பம் நிரப்புதல், பிறப்புச் சான்றிதழ் தேடுதல், அழைப்புக்குக் காத்திருத்தல், ஒரே குடும்பத்தில் மூத்தவனுக்கு ஒரு நாடும் இளையவனுக்கு மறு நாடும் வாய்த்தல் என்பவை அழுகையைக் காட்டிலும் மெதுவானவை. ஆகவே எழுதுவதற்குக் கடினமானவை.

சொல்லாட்சியிலும் இச்சிக்கல் உண்டு. 1947 இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினராகி, பின் எழுத்தாளராகவும் தொழிற்சங்கவாதியாகவும் விளங்கிய சி. வி. வேலுப்பிள்ளையின் நூல்களுள் ‘வீடற்றவன்’ ஒன்று, ‘நாடற்றவர் கதை’ மற்றொன்று. ‘அற்ற’ என்னும் சொல் இன்மையைச் சுட்டுமேயன்றி, அவ்வின்மையை விளைத்தவர் யார் என்பதைச் சுட்டாது. சட்டத்தின் மொழியையே இலக்கியமும் கடன் வாங்கியதோ என ஐயுறலாம். எனினும் தாம் அமர்ந்திருந்த அவையிலேயே தம் மக்களின் உரிமை பறிபோகக் கண்டவர் அச்சொல்லை ஆளும்போது, அது குற்றச்சாட்டாகவே ஒலிக்கின்றது. இதற்கு மாறாக, இந்தியாவிற் புழங்கிய ‘தாயகம் திரும்பியோர்’ என்னும் தொடர் முற்றிலும் ஆட்சியாளரின் சொல்லாகும். மூன்றாந் தலைமுறையில் இலங்கையிற் பிறந்தவன் மண்டபம் முகாமிலும், நீலகிரியில் அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களிலும் முதன்முறையாகக் காலடி வைத்ததை அது ‘திரும்புதல்’ என்றது. காணாத ஊருக்குத் திரும்புவது எவ்வாறு என்ற எளிய வினாவை அத்தொடர் மூடி மறைத்தது.

மாத்தளை எழுத்தாளர்களின் பங்கு இவ்விடத்திற் சிறப்பாகக் கருதத்தக்கது. மலரன்பன், மாத்தளை வடிவேலன், மாத்தளை சோமு ஆகிய மூவரின் கதைகளைத் தாங்கி 1980 இல் வெளிவந்த ‘தோட்டக்காட்டினிலே’, மாவட்டமொன்றின் தோட்ட வாழ்வுக்கு எழுத்தில் ஓர் இடம் தேடித்தந்தது. பிறர் இழிவாக வழங்கிய ‘தோட்டக்காடு’ என்னும் சொல்லைத் தலைப்பாக ஏற்றமை, தம்மைச் சுட்டும் பெயரைத் தாமே கையாளும் துணிவாகும். பின்னர் மாத்தளை சோமு தம் நூலொன்றுக்கு ‘எல்லை தாண்டா அகதிகள்’ எனப் பெயரிட்டார். எல்லையைத் தாண்டியவனே அகதி என்பது சட்டத்தின் வரைவிலக்கணம். இருந்த இடத்திலிருந்தே ஒருவனை அகதியாக்கலாம் என்னும் உண்மையை அத்தலைப்பு ஒன்றே நிலைநாட்டிவிடுகின்றது. ஒப்பாரியினின்று விவாதத்துக்கு நகரும் திசை இது. பேச்சுவார்த்தையின் மொழியை அதன் களத்திலேயே சந்தித்து, அதன் வரைவிலக்கணத்தை மறுக்கும் எழுத்து இது. மலையக இலக்கியத்தை மதிப்பிடுவோர் அதன் கண்ணீரைப் போற்றிய அளவுக்கு இவ்வாதத் திறனைப் போற்றவில்லை. கண்ணீருக்கு வாசகன் இரக்கம் தந்து விலகிவிடலாம். வாதத்துக்கு விடை தந்தாக வேண்டும்.

ஒப்பந்தத்தின் காலவரையறை 1981 அக்டோபரில் முடிந்தது. 1984 இல் இராமேஸ்வரம்–தலைமன்னார்க் கப்பற் சேவை நின்றது. எண்ணப்பட்டோருட் பலர் எண்ணப்பட்டவாறு போகவில்லை. 1986, 1988 ஆம் ஆண்டுகளின் சட்டங்களைத் தொடர்ந்து, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் இறுதித் தீர்வாக வந்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரசாவுரிமை பெறலாம் என அது விதித்தது. அவர்களைப் பங்கிட்ட நாளே அவர்தம் வதிவுக்குச் சான்றாகும் நாளாயிற்று. பங்கீட்டுக்கு எதிராக மக்கள் ஏந்திய ஆயுதம் அங்கேயே தொடர்ந்து வாழ்ந்தமைதான் என்பதற்கு இதனினும் தெளிவான ஒப்புதல் வேண்டியதில்லை.

2023 ஆம் ஆண்டில் மலையகத் தமிழரின் இருநூறாண்டு நிறைவையொட்டி, ஜூலை 28 இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபவனி ஆகஸ்ட் 12 இல் மாத்தளையில் நிறைவுற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர், வன்னிக் காட்டையும் தம்புள்ளையையும் கடந்து நடந்து சேர்ந்த மலைநாட்டு வாயில் மாத்தளையே. ஒப்பந்தகாலக் கோச்சி சென்ற திசைக்கு இந்நடை எதிர்த் திசையில் அமைந்தது. காணியும் வீடும் சமத்துவமான பிரசாவுரிமையும் அதன் கோரிக்கைகளுள் அடங்கின. பிரசாவுரிமை கிடைத்த பின்னும் காணியுரிமையின்றி லயங்களிலே வாழ்வோர் இருக்கும்வரை 1964 இன் பேச்சுவார்த்தை முழுமையாக முடிந்ததாகாது. அது இன்னும் நடைபெறுகின்றது எனக் கொண்டால், மேசையில் இம்முறை அமர வேண்டியோர் யாவர் என்பதில் ஐயமிருத்தலாகாது. அவர்கள் அங்குப் பேசப்போகும் மொழியை ஆக்கித் தருவதே மாத்தளையினதும் ஏனைய மலையக மாவட்டங்களினதும் எழுத்தாளர் முன்னுள்ள பணியாகும்.