துக்ளக்கும் கூலிக்காரனும்: க. பாலேந்திராவின் அரங்கை நாம் வாசிப்பது எப்படி?

ஈழத்து நவீன தமிழ் நாடகம் பற்றிய கட்டுரைகளில் க. பாலேந்திராவின் பெயர் தவறுவதில்லை. ஆனால் அது அநேகமாக ஒரு பட்டியலோடு வந்து பட்டியலோடு போய்விடும்: 'மழை', 'ஒரு பாலை வீடு', 'கண்ணாடி வார்ப்புகள்', 'யுகதர்மம்', 'நாற்காலிக்காரர்', 'அரையும் குறையும்', 'துக்ளக்'. 1978 இல் தமிழ் அவைக்காற்று கலைக் கழகம் தோன்றியது, ரூபவாஹினியில் நாடகம் வந்தது, பின்பு லண்டன், அங்கே தமிழ் நாடகப் பள்ளி. இவ்வளவும் சொல்லி முடித்தால் நெறியாளரைப் பற்றிச் சொல்லியாயிற்று என்று நினைக்கிறோம். இந்த நாடகங்கள் எங்களுக்கு, அதாவது வடபுலத்து முஸ்லிம் வாசகருக்கு, என்ன சொல்கின்றன என்ற கேள்வியை ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. நாமும் கேட்கவில்லை. நாடகம் என்றால் 'அது அவங்கட விசயம்' என்று ஒதுங்கிக்கொள்வது எங்கட பழக்கம்.

அந்தப் பழக்கம் பழையதுமல்ல. 'அலிபாதுஷா நாடகம்' என்று ஒன்று தமிழ் முஸ்லிம்களிடம் இருந்தது. பார்சி நாடகக் குழுக்கள் கொழும்புக்குக் கொண்டுவந்த உருது நாடகங்களிலிருந்துதான் சிங்கள 'நூர்த்தி'யே பிறந்தது. மேடை எங்களுக்கு அந்நியமாக இருந்ததில்லை. இடையில் எங்கேயோ கைவிட்டுவிட்டோம்.

மொழிபெயர்ப்பு என்ற குறை

பாலேந்திராவின் மேல் அக்காலத்திலிருந்தே சொல்லப்பட்டு வரும் குறை, அவர் பிறமொழி நாடகங்களையே அதிகம் போட்டார் என்பது. டென்னசி வில்லியம்ஸ், லோர்கா, பிரெக்ட், மோகன் ராகேஷ், கிரிஷ் கர்னாட் என்று வரிசை நீளும். இந்திரா பார்த்தசாரதியும் ந. முத்துசாமியும் தமிழில் எழுதியவர்கள்தான் என்றாலும் அவர்களும் தமிழ்நாட்டார். எங்கட மண்ணின் கதை எங்கே என்று கேட்டார்கள்.

கேள்வி நியாயமில்லாதது அல்ல. அந்தக் காலத்தைப் பார்க்க வேண்டும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்திருந்தார். கொழும்பில் நா. சுந்தரலிங்கம், தாசீசியஸ், எங்கட சுஹைர் ஹமீட் முதலியோர் புதிய நாடகத்துக்குப் பாதை வெட்டிக்கொண்டிருந்தனர். 1978 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். எல்லாரும் 'எங்கட' நாடகத்தைத் தேடிய காலம் அது. அந்த நேரத்தில் ஒருவர் ஸ்பானிய நாடகத்தையும் அமெரிக்க நாடகத்தையும் தூக்கிக்கொண்டு வந்தால் குறை சொல்லத்தான் செய்வார்கள்.

ஆனால் ஒரு சமூகம் தன்னைப் பற்றி நேரே பேசக் கூசுகிற விசயங்களை அந்நியக் கதை பேசவைத்துவிடும். ஸ்பானியக் கிராமத்து வீடு ஒன்றைப் பார்க்கிறோம் என்று வந்து கதிரையில் இருப்பவர், பாதி நாடகத்தில் அது தன் பெரியம்மா வீடு என்று கண்டுகொள்வார். அப்போது எழும்பிப் போகவும் முடியாது. மொழிபெயர்ப்பு நாடகத்தின் பலம் இதுதான். பாலேந்திராவின் தெரிவுகளை இந்தக் கண்ணால் பார்த்தால் அவை கண்டபடி பொறுக்கியவை அல்ல என்று விளங்கும்.

இரண்டு வீடுகள்

'ஒரு பாலை வீடு' லோர்காவின் கடைசி நாடகத்தின் தமிழ். 1936 இல் அதை எழுதி முடித்த சில வாரங்களில் லோர்கா சுட்டுக் கொல்லப்பட்டார். புருஷனை இழந்த பெர்னார்டா, தன் ஐந்து பெண்மக்களுக்கும் எட்டு வருசத் துக்கம் விதித்து வீட்டைப் பூட்டுகிறாள். நாடகம் முழுக்க ஓர் ஆணும் மேடைக்கு வருவதில்லை. ஆனால் ஆணைப் பற்றிய பேச்சைத் தவிர வேறு பேச்சும் இல்லை. கடைசி மகள் தூக்கில் தொங்கிய பின்னும் தாய்க்குப் பெரிதாகத் தெரிவது பிள்ளையின் உயிரல்ல, ஊர் வாய்.

யாழ்ப்பாணத்துச் சீதன வீட்டுக்கு இதைவிடக் கிட்டிய கதை வேண்டுமா? எங்கட வீடுகளுக்கும் இது தூரமில்லை. மார்க்கம் விதவைக்கு நாலு மாதம் பத்து நாள் இத்தா என்று எல்லை வகுத்திருக்கிறது. எல்லை என்பது ஒரு காலத்தில் முடிவது. பெர்னார்டாவின் எட்டு வருசம் மார்க்கமல்ல, மானம். மார்க்கத்தின் பெயரால் நாம் செய்வதில் எவ்வளவு மார்க்கம், எவ்வளவு மானம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு இந்த நாடகம் பாடம். மஹர் கொடுக்க வேண்டியவன் கைக்கூலி வாங்கிக்கொண்டு மாப்பிள்ளையாகிற ஊரில் ஐந்து குமர் இருக்கிற வீட்டு உம்மாவின் முகம் எப்படி இறுகிப்போகும் என்பது ஒருவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

'கண்ணாடி வார்ப்புகள்' இதன் மறுபக்கம். தாய், மகன், கால் ஊனமுற்ற மகள், அவளைப் பார்க்க வரும் ஓர் இளைஞன். பெர்னார்டா அதிகாரத்தால் வீட்டைக் கட்டிவைக்கிறாள். இந்தத் தாய் கனவால் கட்டிவைக்கிறாள். மகள் கண்ணாடிப் பொம்மைகளோடு வாழ்கிறாள். வந்தவனுக்கு ஏற்கெனவே ஒருத்தி நிச்சயமாகியிருக்கிறது. மகன் வீட்டை விட்டுப் போகிறான். போன பிறகும் அக்காவின் நினைவு அவனை விடுவதில்லை. எண்பதுகளில் பிள்ளைகளைக் கப்பலேற்றிய யாழ்ப்பாணத்து வீடுகளில் நடக்கப்போவதை இந்த அமெரிக்க நாடகம் முந்தியே சொல்லிவிட்டது போல் இருக்கிறது.

இந்த நாடகம் ரூபவாஹினியில் வந்தது கவனிக்க வேண்டியது. 1982 பெப்ரவரியில் தொடங்கிய தேசியத் தொலைக்காட்சியில் தமிழுக்குக் கிடைத்த நேரமோ கொஞ்சம். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் சிரிப்பு நாடகத்தைப் போட்டால் எல்லாருக்கும் சுகம். ஒரு வீட்டின் நாலு சுவருக்குள் நாலு பேர் மட்டும் மெல்லப் பேசுகிற நாடகம் போனது சின்ன விசயமல்ல. தொலைக்காட்சிக்கு அது பொருந்தியதும் அதனால்தான். பெரிய மேடையில் தொலைந்துபோகக்கூடிய ஒரு முகத்தின் சுருக்கம் கமெராவுக்கு அகப்படும்.

பண்டத்தரிப்பு, சில்லாலை, இளவாலை, மாதகல் பக்கம் கத்தோலிக்க நாட்டுக்கூத்தோடு வளர்ந்த ஊர்கள். 'எஸ்தாக்கியார்', 'ஞானசவுந்தரி' என்று விடிய விடிய ஆடிப் பாடுகிற அரங்கு. அங்கே ஊரே நடிகர், ஊரே சபை. அந்தச் சபைக்கு, பாட்டில்லாத, சத்தமில்லாத இந்த வீட்டு நாடகம் ஒரு புது ஊணாகத்தான் இருந்திருக்கும். மண்டபத்துக்குப் போகாதவர் வீட்டுக்கும் தொலைக்காட்சி அதைக் கொண்டுபோகலாம் என்ற வாய்ப்பு இருந்தது. ஆனால் அது நீடிக்கவில்லை. வடக்குக்கு ஒளிபரப்பைக் கடத்திய கொக்காவில் நிலையம் 1990 இல் போரில் வீழ்ந்தது. அதற்கு முன்பே நாடகக்காரர்களில் பலர் நாட்டை விட்டுப் போயாயிற்று.

மேடையில் முஸ்லிம்

ஈழத்துத் தமிழ் நாடகத்தில் முஸ்லிம் பாத்திரம் என்றால் மனசில் முதலில் வருவது 'மரிக்கார்'. எஸ். ராமதாஸ் வானொலியிலும் மேடையிலும் 1976 இல் வந்த 'கோமாளிகள்' படத்திலும் அந்தப் பாத்திரமாகவே வாழ்ந்தார். பிற்காலத்தில் தொலைக்காட்சி நாடகங்களும் செய்தார். 'மரிக்கார் ராமதாஸ்' என்றே அவர் பெயர் நிலைத்தது. அவருடைய காதுக்கு ஒரு சலாம் சொல்ல வேண்டும். எங்கட பேச்சை அவ்வளவு நுட்பமாகக் கேட்டவர் குறைவு. எங்கட ஆட்களே கூடிச் சிரித்துக் கேட்டார்கள். ஆனால் ஒரு சமூகம் சிரிப்பாக மட்டும் மேடைக்கு வந்தால், அது அழுவதற்கு வரும்போது சபை அதற்கும் சிரித்துவிடும். அந்தப் பயம் எனக்கு உண்டு.

தமிழ்நாட்டில் சோவின் 'முகமது பின் துக்ளக்' 1968 இல் மேடைக்கும் 1971 இல் திரைக்கும் வந்தது. அது நடப்பு அரசியலைக் கிண்டல் செய்த நாடகம். ஆனால் அதன் பிறகு தமிழில் 'துக்ளக்' என்றால் கோமாளி அரசன் என்றே பொருளாயிற்று.

இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துத்தான், பாலேந்திராவின் வரிசையில் கர்னாட்டின் 'துக்ளக்' இருப்பதை நாம் மதிப்பிட வேண்டும். 1964 இல் கன்னடத்தில் எழுதப்பட்ட அந்த நாடகத்தில் சுல்தான் கோமாளியுமில்லை, வெறும் கொடியவனுமில்லை. சட்டத்தின் முன் தானும் ஒரு குடிமகன் என்று காட்ட விரும்புகிறவன், சதுரங்கம் ஆடுகிறவன், நூல் படிக்கிறவன். தன் நன்மையில் தனக்கிருக்கும் நம்பிக்கையே அவனைக் கொலைகாரனாக்குகிறது. தலைநகரைத் தௌலதாபாத்துக்கு மாற்றச் சனத்தை ஒட்டுமொத்தமாக எழுப்பி நடக்கவைக்கிறான். செப்புக் காசு அடிக்கிறான்; கள்ளக் காசு பெருகுகிறது.

முஸ்லிம் வாசகர் சிலருக்கு இந்த நாடகத்தில் உறுத்தல் வரலாம். தொழுகை நேரத்தில் சுல்தானைக் கொல்லச் சதி நடக்கிறது. அதன்பின் அவன் தொழுகையையே தடைசெய்கிறான். 'இது எங்கட மார்க்கத்தைப் பழிக்கிற கதையல்லவா' என்று கேட்கலாம். ஊன்றிப் படித்தால் அப்படியில்லை. தொழுகையைப் பாழாக்குவது மார்க்கமல்ல, அதைக் கையில் எடுத்துக்கொண்ட அரசியல். எல்லாம் இழந்து தனியே கிடக்கிற சுல்தான் கண்ணயர்ந்திருக்க, பாங்கு ஒலிப்பதோடு நாடகம் முடிகிறது. அரசன் தோற்ற இடத்திலும் பாங்கு நிற்கிறது. முஸ்லிமை முழு மனிதனாக, பெரும் பிழைக்கும் பெரும் துயரத்துக்கும் உரியவனாகக் காட்டுகிற நாடகத்தை யாழ்ப்பாணத்து நெறியாளர் ஒருவர் எடுத்தது எங்களுக்குக் கிடைத்த மரியாதை என்றே கொள்கிறேன்.

துக்ளக் எங்களுக்குத் தூரத்து டில்லிக்காரன் மட்டுமல்ல. அவனிடம் காழியாக இருந்த இப்னு பதூதாதான் 1344 இல் இலங்கைக்கு வந்து, புத்தளக் கரையில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாவா ஆதம் மலைக்குப் போக அவரிடம் உதவி பெற்றவர். அந்த அரசருக்குப் பாரசீகம் விளங்கும் என்று எழுதிவைத்தவரும் அவரே. டில்லி அரசவைக்கும் யாழ்ப்பாண அரசுக்கும் இடையில் ஒரே மனிதர் நடந்துபோயிருக்கிறார்.

தண்ணீரும் கல்லும்

பாலேந்திராவின் நாடகங்களில் எங்களை அதிகம் உலுக்க வேண்டியது 'யுகதர்மம்'. பிரெக்ட் 1930 அளவில் எழுதிய 'விதிவிலக்கும் விதியும்' என்பதன் தமிழ் அது. ஒரு வணிகன், வழிகாட்டியையும் கூலிக்காரனையும் கூட்டிக்கொண்டு பாலைவனம் கடக்கிறான். வழிகாட்டியைச் சந்தேகித்து விலக்கிவிடுகிறான். தண்ணீர் முடியும் நேரம். கூலிக்காரன் தான் ஒளித்து வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலை முதலாளிக்குக் கொடுக்க நீட்டுகிறான். வணிகனுக்கு அது கல்லாகத் தெரிகிறது. சுட்டுவிடுகிறான்.

வழக்கு நடக்கிறது. கையில் இருந்தது தண்ணீர்தான் என்று நிரூபணமாகிறது. ஆனாலும் வணிகன் விடுதலை. நீதிபதியின் நியாயம் இது: கூலிக்காரனை அவ்வளவு அடித்து வருத்தியவனை அவன் வெறுக்கத்தானே வேண்டும், வெறுக்க வேண்டியவன் தண்ணீர் தருவான் என்று எதிர்பார்க்க முடியுமா, ஆகவே வணிகன் பயந்தது சரி. அன்பு விதிவிலக்கு, பகையே விதி.

இதை எழுபதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்துச் சபை வர்க்க நாடகமாகப் பார்த்தது. முதலாளி, தொழிலாளி என்று விளங்கிக்கொண்டது. பிழையில்லை. ஆனால் 1990 ஒக்ரோபர் 30 க்குப் பிறகு ஒரு வடபுல முஸ்லிமால் அந்த நாடகத்தை அப்படி மட்டும் படிக்க ஏலாது. ஒஸ்மானியாக் கல்லூரி ஜின்னா மைதானத்துக்குச் சனத்தைக் கூப்பிட்டு, 2 மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்னார்கள். வட மாகாணம் முழுக்க 70,000 க்கும் மேற்பட்டோர் அந்த நாட்களில் விரட்டப்பட்டனர். பின்னால் சொல்லப்பட்ட நியாயம் நீதிபதியின் நியாயம்தான். கிழக்கில் நடந்ததை வைத்துப் பார்த்தால் இவர்களும் எங்களை வெறுக்கத்தான் வேண்டும். வெறுக்க வேண்டியவர்கள் காட்டிக்கொடுக்கத்தான் செய்வார்கள். ஆகவே நாங்கள் பயந்தது சரி. கையில் இருந்தது தண்ணீரா கல்லா என்று பார்க்க அங்கே நேரம் ஒதுக்கப்படவில்லை.

இது தமிழருக்கு மட்டும் நீட்டுகிற விரலல்ல. சோதனைச் சாவடியில் தமிழ் இளைஞன் மேல் துவக்கை நீட்டியவனும் இதே நியாயத்தைத்தான் சொன்னான். 2019 ஏப்ரலுக்குப் பிறகு நாடு முழுக்க அபாயா போட்ட ஒரு பெண்ணின் கைப்பையைப் பார்த்த பார்வையும் இதுதான். எங்கட ஊர்களிலும் பக்கத்து வீட்டானை இப்படிப் பார்த்த நாட்கள் உண்டு. வணிகன் எந்த இனத்திலும் பிறப்பான் என்பதால்தான் நாடகம் நிற்கிறது.

குறைவது எது

இவ்வளவும் சொன்ன பிறகு குறையையும் சொல்ல வேண்டும். புலம்பெயர்ந்த பின் அவைக்காற்றுக் கலைக் கழகம் 'எரிகின்ற எங்கள் தேசம்' போன்று போரையும் அகதி வாழ்வையும் எடுத்துப் பேசிற்று. சிறுவர்களுக்குத் தமிழில் நாடகம் பழக்கிற்று. பல பத்தாண்டுகள் ஒரு குழுவைக் கட்டிக் காப்பது இலேசல்ல. ஆனந்தராணி பாலேந்திராவின் நடிப்பும் உழைப்பும் இல்லாமல் அது நடந்திருக்காது. ஆனால் அந்த 'எங்கள் தேசம்' என்ற சொல்லுக்குள், புத்தளத்து ஓலைக் கொட்டிலில் இருந்த யாழ்ப்பாணத்து முஸ்லிமுக்கு எவ்வளவு இடம் கிடைத்தது? இதை அவரிடம் மட்டுமல்ல, முழு ஈழத்து அரங்கிடமும் கேட்கிறேன். அந்நிய நாடகத்தால் எங்கட வீட்டைக் காட்டத் தெரிந்தவர்கள், பக்கத்து வீட்டைக் காட்ட எந்த மொழியிலிருந்து நாடகம் எடுப்பது?

அதைவிடக் கடுமையாக நாம் எங்களையே கேட்க வேண்டும். சுஹைர் ஹமீட் என்ற நெறியாளர் பாலேந்திராவுக்கு முன்வரிசையில் நின்றவர். அவருடைய நாடகப் பிரதிகள், படங்கள், அக்கால விமர்சனங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு நூலாக்கி எங்கட இளைஞன் கையில் கொடுத்திருக்கிறோமா? ஜின்னா மைதானத்து அந்த 2 மணித்தியாலத்தை எழுத எங்களில் எத்தனை பேர் பேனா எடுத்தோம்? மற்றவன் எழுதவில்லை என்று குறைப்படுகிறவன் தான் எழுதியதைக் காட்ட வேண்டும்.

மீளக்குடியேறிய பிள்ளைகள் இப்போது ஒஸ்மானியாவிலும் கதீஜாவிலும் படிக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ்த் தினப் போட்டிக்கு ஒரு நாடகம் வேண்டுமென்றால், பழைய சிரிப்பு நாடகத்தைத் தேடி ஓடாமல் 'யுகதர்ம'த்தை எடுத்துப் பழக்கலாம். பெரிய செலவில்லை. ஒரு மூட்டை, ஒரு கயிறு, ஒரு தண்ணீர்ப் போத்தல். தமிழ்ப் பாடசாலைப் பிள்ளை ஒன்று வணிகனாகவும் எங்கட பிள்ளை கூலிக்காரனாகவும் நடிக்கட்டும். அடுத்த நாள் மாற்றி நடிக்கட்டும். பண்டத்தரிப்பில் ஒரு தரம், சோனகதெருவில் ஒரு தரம் போடட்டும். நீதிபதி தீர்ப்புச் சொல்கிற இடத்தில் இரண்டு சபையும் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.