உடைந்த கிரீடமும் குப்பைக்கூடையில் இரண்டு ஓட்டும்

அமெரிக்க ஹைஸ்கூல்களின் ‘கெத்து’க் கோஷ்டிகளைப் பற்றிய நகைச்சுவைப் படங்களில் இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று 1989இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ‘ஹெதர்ஸ்’. மற்றொன்று 2004இல் வந்த ‘மீன் கேர்ள்ஸ்’. முதல் படத்தை எழுதியவர் டேனியல் வாட்டர்ஸ். இரண்டாவதை இயக்கியவர் மார்க் வாட்டர்ஸ். இருவரும் அண்ணன் தம்பி. ஒரு வீட்டில் வளர்ந்த இருவர் பதினைந்து வருட இடைவெளியில் ஏறக்குறைய ஒரே கதையில் கைவைத்திருக்கிறார்கள். மூன்று பெண்கள் பள்ளியை ஆள்கிறார்கள். நாலாவதாக ஒருத்தி அவர்களோடு ஒட்டிக்கொள்கிறாள், தலைவியைக் கவிழ்க்கிறாள், கவிழ்த்த பிறகு அந்த நாற்காலி தனக்கும் பொருந்துவதைக் காண்கிறாள்.

கடைசிக் காட்சியில்தான் இரண்டு படங்களும் பிரிகின்றன. ‘ஹெதர்ஸ்’ படத்தில் அந்த நாலாமவள் வெரோனிகா உடம்பெல்லாம் கரியும் புகையுமாக வந்து, தலைவியின் அடையாளமான சிவப்பு ஹேர்பேண்டை ஹெதர் டூக்கிடமிருந்து பறித்துக்கொள்கிறாள். ‘மீன் கேர்ள்ஸ்’ படத்தில் கேடி தனக்குக் கிடைத்த பிளாஸ்டிக் கிரீடத்தை மேடையிலேயே உடைத்துத் துண்டு துண்டாக வீசுகிறாள். ஒருத்தி எடுத்துக்கொள்கிறாள், இன்னொருத்தி பங்கு வைக்கிறாள். இந்த வகைப் படங்களுக்கு நான் வைத்திருக்கும் கேள்வி இதுதான்: படம் முடியும்போது கிரீடம் என்ன ஆகிறது?

கிரீடம் என்பதை உவமையாகச் சொல்லவில்லை. அங்கே நிஜமாகவே ஓட்டுப் போட்டு, ஹோம்கமிங் ராணி, பிராம் ராணி என்று ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துத் தலையில் கிரீடம் வைக்கிறார்கள். அதைப் பிள்ளைகளின் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது, பள்ளியே நடத்தும் விழா அது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் ஊர்போல ஒரே வகுப்பறையில் வருடம் முழுக்க உட்கார்ந்திருப்பது அங்கே இல்லை. பாடத்துக்குப் பாடம் அறை மாறும், பக்கத்தில் இருப்பவர்களும் மாறுவார்கள். நிலையாக இருப்பது மதியச் சாப்பாட்டு மேஜை ஒன்றுதான். எந்த மேஜையில் உட்கார்கிறாய் என்பதே நீ யார் என்பதைச் சொல்லிவிடும். நம் பள்ளிகளில் ரேங்க் கார்டு செய்யும் வேலையை அங்கே சாப்பாட்டுக்கூடம் செய்கிறது. இந்தப் படங்களில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரு சாப்பாட்டுக்கூடக் காட்சி வருவதன் காரணம் இதுதான்.

சினிமாக்காரர்களுக்கு முன்பே இதைச் சமூகவியலாளர்கள் பார்த்துவிட்டார்கள். ஆகஸ்ட் ஹாலிங்ஸ்ஹெட் 1949இல் வெளியிட்ட ‘எல்ம்டவுன்ஸ் யூத்’, ஒரு சிற்றூரின் பிள்ளைகள் யாரோடு சேர்கிறார்கள் என்பதற்குப் பின்னால் குடும்பத்தின் வர்க்கம் இருப்பதைக் காட்டியது. ஜேம்ஸ் கோல்மன் பத்துப் பள்ளிகளை ஆராய்ந்து 1961இல் ‘தி அடலசன்ட் சொசைட்டி’யை வெளியிட்டார். பள்ளியில் உன்னை எப்படி நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று அவர் மாணவர்களைக் கேட்டார். பையன்களிடம் விளையாட்டு வீரனுக்கே மவுசு, நன்றாகப் படிப்பவனுக்கு அவ்வளவு இல்லை. இரண்டு ஆய்வுகளும் நடந்தது இல்லினாய் மாநிலத்தில். இயக்குநர் ஜான் ஹியூஸ் தன் படங்களுக்காகக் கற்பனை செய்த ஷெர்மர் என்ற ஊரும் அதே இல்லினாயில்தான் இருக்கிறது. ‘மீன் கேர்ள்ஸ்’ பள்ளி இருக்கும் எவன்ஸ்டனும் அங்கேதான். சிகாகோவைச் சுற்றியுள்ள அந்தப் புறநகர்களின் மண்ணில் என்ன இருக்கிறதோ!

ஹியூஸைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ‘சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்’ (1984) படத்தில் வரும் ஆசிய மாணவன் தலைகாட்டும்போதெல்லாம் பின்னணியில் ஒரு சேகண்டி ஒலிக்கும். இன்று அதைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. அதில் நாயகியாக நடித்த மோலி ரிங்வால்டே 2018இல் ‘நியூயார்க்கர்’ இதழில் அந்தப் படங்களைத் திரும்பிப் பார்த்து, பெண்களை அவை நடத்திய விதம் குறித்துத் தன் சங்கடத்தை எழுதினார். ஆனாலும் ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’ (1985) தாக்குப்பிடிக்கிறது. ஐந்து கோஷ்டிகளிலிருந்து ஐந்து பேர், தண்டனைக்காக ஒரு சனிக்கிழமை முழுக்க நூலகத்தில் அடைபட்டிருக்கிறார்கள். மாலைக்குள் நண்பர்களாகிவிடுகிறார்கள். அப்போது ஒருவன் கேட்கிறான்: திங்கட்கிழமையும் நாம் நண்பர்களா? இல்லை என்று ஒளிக்காமல் சொல்கிறாள், அவர்களில் கெத்தான கிளேர். அந்தப் பதிலில் உள்ள நேர்மை ஹியூஸின் மற்றப் படங்களில் இல்லை. சனிக்கிழமைக்கு மட்டும் கிரீடத்தைக் கழற்றி வைக்கலாம், அவ்வளவுதான்.

ஹியூஸ் படங்களின் இனிப்புக்கு எதிர்வினையாக வந்தது ‘ஹெதர்ஸ்’. வீடியோ கடையில் வேலை பார்த்துக்கொண்டே டேனியல் வாட்டர்ஸ் இதை எழுதினார். ஸ்டான்லி குப்ரிக் இயக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை, இயக்கியதோ மைக்கேல் லேமன். கதையில் கொலைகள் தற்கொலைகளாக ஜோடிக்கப்படுகின்றன. செத்துப்போனவள் உயிரோடு இருந்தபோதைவிடப் பிரபலமாகிறாள், ஆசிரியர்கள் அந்தத் துக்கத்தையும் ஒரு நிகழ்ச்சியாக்கிவிடுகிறார்கள். வாட்டர்ஸ் முதலில் எழுதிய முடிவில் பள்ளி வெடித்துச் சிதறும், எல்லாக் கோஷ்டிகளும் சொர்க்கத்தில் சேர்ந்து ஆடும். தயாரிப்பு நிறுவனம் அதற்கு ஒப்பவில்லை. படம் அமெரிக்காவில் வசூலித்தது சுமார் 11 லட்சம் டாலர்தான். பின்னாளில்தான் அது வீடியோ வழியாகத் தன் ரசிகர்களைச் சேர்த்துக்கொண்டது. பள்ளிகளில் துப்பாக்கிச் சூடு வழக்கமான செய்தியாகிவிட்ட நாட்டில் இப்படியொரு படத்தை இனி எடுக்க முடியாது. 2018இல் அதைத் தொலைக்காட்சித் தொடராக்கியபோது, பார்க்லேண்ட் பள்ளிப் படுகொலையால் ஒளிபரப்பையே தள்ளிவைக்க நேர்ந்தது.

ஏமி ஹெக்கர்லிங்கின் ‘குளூலெஸ்’ (1995) வேறு தினுசு. ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’வை பெவர்லி ஹில்ஸில் கொண்டுபோய் இறக்கினார். ஒரு கிராமத்தில் யார் யாரோடு பேசலாம், யாரை யாருக்குக் கட்டிவைக்கலாம் என்று கணக்குப் போடும் எம்மாவுக்கு ஹைஸ்கூல் அந்நியமான இடமே இல்லை என்று கண்டுகொண்டதுதான் ஹெக்கர்லிங்கின் கெட்டிக்காரத்தனம். இதில் ராணி தண்டிக்கப்படுவதில்லை, அசடு வழிகிறாள். எனக்கு இது பிடித்திருக்கிறது. அதன் பிறகு இலக்கியத்திலிருந்து கதை எடுப்பது ஒரு மோஸ்தராகி, ஷேக்ஸ்பியரிலிருந்து ‘10 திங்ஸ் ஐ ஹேட் அபவுட் யூ’ (1999), ஹாதார்னிலிருந்து ‘ஈஸி ஏ’ (2010) என்று வந்தன. இரண்டும் பார்க்கச் சுகமானவை, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

‘மீன் கேர்ள்ஸ்’ பிறந்தது நாவலிலிருந்து அல்ல, பெற்றோருக்காக ரோசலிண்ட் வைஸ்மன் எழுதி 2002இல் வந்த ஒரு வழிகாட்டி நூலிலிருந்து. அதில் கதையே கிடையாது. டினா ஃபே அதற்குக் கதை பண்ணினார். விலங்கியலாளர்களான பெற்றோரோடு ஆப்பிரிக்காவில் வளர்ந்த கேடி, மால் நீரூற்றைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளைத் தண்ணீர்த்துறையில் கூடிய மிருகங்களாகப் பார்க்கும் காட்சி, கோல்மனின் ஆராய்ச்சியை அரை நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. கேடி கவிழ்க்கும் தலைவியின் பெயர் ரெஜினா, லத்தீனில் ராணி என்று பொருள். படம் உலகெங்கும் சுமார் 13 கோடி டாலர் ஈட்டி, 2018இல் பிராட்வே மேடைக்கும் போனது. எனக்கு அதன்மேல் ஒரு குறை உண்டு. கிரீடத்தை உடைக்கிறாள், சரி. அந்தக் கிரீடத்தை வாங்கி வந்தவர்கள், ஓட்டுச்சீட்டு அடித்தவர்கள் மேடை ஓரத்தில் நின்று கைதட்டுகிறார்கள். பெண்கள் ஒருவரையொருவர் மன்னித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று படம் நம்புகிறது. இதைவிட ‘பிரிங் இட் ஆன்’ (2000) யோக்கியமானது. சான் டியேகோவின் வசதியான பள்ளி ஒன்று சியர்லீடிங் போட்டிகளில் வருஷா வருஷம் ஜெயித்தது, கிழக்கு காம்ப்டனின் கறுப்பினப் பெண்களிடமிருந்து திருடிய ஆட்டத்தை வைத்து. முடிவில் கோப்பை அதற்கு உரியவர்களிடம் போகிறது.

நமக்கு நெருக்கமான ஒன்றும் இந்த வரிசையில் உண்டு. மிண்டி கேலிங், லாங் ஃபிஷர் இருவரும் உருவாக்கிய ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ (2020–2023) நெட்ஃபிளிக்ஸில் நான்கு பருவங்கள் ஓடியது. லாஸ் ஏஞ்சலஸில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண் தேவி விஸ்வகுமார். நடித்தவர் கனடாவில் பிறந்த ஈழத்தமிழ் வம்சாவளியினரான மைத்ரேயி ராமகிருஷ்ணன். தேவியை ஒடுக்கப்பட்டவளாக மட்டும் வைத்திருந்தால் தொடர் சலித்திருக்கும். இரண்டாம் பருவத்தில் அனீசா என்ற இன்னோர் இந்தியப் பெண் அதே பள்ளிக்கு வருகிறாள், வந்ததுமே எல்லோருக்கும் பிடித்தவளாகிவிடுகிறாள். இந்தியப் பெண் என்ற இடம் ஒன்றுதான் காலி என்று நினைத்துக்கொள்ளும் தேவி, அவளைப் பற்றி ஒரு கொடிய வதந்தியைக் கிளப்பிவிடுகிறாள். புலம்பெயர்ந்தோர் வீட்டுப் போட்டியை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன காட்சியை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஆனால் தொடரில் உண்மையான கிரீடம் வேறு: பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அனுமதி. அதை உடைக்க யாருக்கும் மனம் வரவில்லை, கேலிங்குக்கும்தான். ‘புக்ஸ்மார்ட்’ (2019) அந்தக் கிரீடத்தைக் கொஞ்சம் சீண்டிப் பார்த்தது. இரவு பகலாகப் படித்த மாணவி, ஊர் சுற்றிக்கொண்டிருந்தவர்களுக்கும் பெரிய கல்லூரிகளில் இடம் கிடைத்திருப்பதைக் கடைசி நாளில் தெரிந்துகொள்கிறாள்.

வருட வரிசையை மீறி ‘எலெக்‌ஷன்’ (1999) படத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், இந்த வகையின் ஆகச் சிறந்த படம் அதுதான் என்பதால். டாம் பெரோட்டாவின் நாவலை அலெக்சாண்டர் பெய்ன் நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் வைத்து எடுத்தார். மாணவர் தலைவர் பதவிக்கு டிரேசி ஃப்ளிக் போட்டியிடுகிறாள். ரீஸ் விதர்ஸ்பூனின் அந்த விறைத்த தாடையை மறக்க முடியாது. அவள் ஆர்வக்கோளாறு தாங்காமல், பிரபலமான ஒரு விளையாட்டு வீரனை எதிரே நிறுத்துகிறார் ஆசிரியர் மெக்கலிஸ்டர். மூன்றாவதாக நிற்கும் டாமி, இந்தத் தேர்தலே வெற்று நாடகம் என்று மேடையில் சொல்ல, மாணவர் கூட்டம் கூரை அதிர ஆரவாரம் செய்கிறது. டிரேசி ஒரே ஒரு ஓட்டில் ஜெயிக்கிறாள். ஆசிரியர் இரண்டு ஓட்டுச்சீட்டுகளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடுகிறார். கிரீடம் வைக்கும் கையை இங்கே காமிரா நேரடியாகப் பார்க்கிறது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் மேத்யூ பிராட்ரிக். 1986இல் ஹியூஸின் ‘ஃபெர்ரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்’ படத்தில் பள்ளிக்கு டிமிக்கி கொடுத்து எல்லோருக்கும் செல்லப்பிள்ளையாக இருந்தவர்!

இன்னும் பார்க்காதவர்கள் ‘எலெக்‌ஷன்’ படத்திலிருந்து தொடங்குங்கள். தொடக்கத்திலேயே மெக்கலிஸ்டர் ஒரு பழைய சாப்பாட்டுப் பொட்டலத்தைக் குப்பைக்கூடைக்குள் எறிவார், அது குறி தப்பித் தரையில் விழும். துப்புரவுத் தொழிலாளி ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கடைசியில் அந்த இரண்டு ஓட்டுச்சீட்டுகளையும் கண்டெடுப்பவர் அவர்தான்.