முட்டை விலையைத் திருப்பித் தராத பாஷ்

நாமக்கல் மண்டல முட்டைக் கொள்முதல் விலையைப் பத்திரிகைகள் காசுக் கணக்கில் போடும். பக்கத்திலேயே மற்ற மண்டலங்களின் விலையும் வரும். ஊர் சாவி, காசு மதிப்பு. இப்படி ஒரு பட்டியலை வைத்துக்கொள்ள பாஷ் ஸ்கிரிப்டில் 2009-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து வசதி உண்டு. சாவியைத் தமிழிலேயே எழுதலாம். வைத்துக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை. ஒரு ஃபங்ஷன் அதைத் தயாரித்து, அழைத்த இடத்துக்குத் தர வேண்டும் என்றதும்தான் சாயம் வெளுக்கிறது. விலை 475 காசு என்று வைத்து 'ரிட்டர்ன் 475' என்று எழுதினால், வெளியே வருவது 219. அங்கே ரிட்டர்ன் என்பது வேலை முடிந்ததா, முறிந்ததா என்று சொல்லும் எண். அதற்கு 0 முதல் 255 வரைதான் இடம். மீறினால் 256-ஆல் வகுத்த மீதிதான் மிஞ்சும். ஒற்றை விலைக்கே இந்தக் கதி. எக்கோ செய்து பிடிக்கலாமே என்றால், கைக்கு வருவது ஒரே நீளச் சரம். அதைப் பிரித்து மறுபடி அடுக்குவது அழைத்தவர் தலையில் விழும்.

2014-இல் வந்த 4.3 பதிப்பு இதற்கு வழி செய்துவிட்டதே என்பார்கள். காலிப் பட்டியலின் பெயரை ஃபங்ஷனுக்குக் கொடுத்தால், அது ஒரு மாற்றுப்பெயர் வழியாக அதில் எழுதும். பாத்திரம் கொடுத்தனுப்பிக் குழம்பு வாங்குகிற மாதிரி. வேலை நடக்கும்தான், ஆனால் உள்ளே வைத்த மாற்றுப்பெயரும் வெளியே உள்ள பட்டியலின் பெயரும் ஒன்றாகிவிட்டால் பாஷ் எச்சரிக்கை போட்டுக் குழம்பும். 'பாஷ் எல்லா மெஷினிலும் இருக்குமே' என்ற வாதம் இந்த இடத்தில் எடுபடாது: மேக்கோடு வருவது 3.2. அதில் சாவி-மதிப்புப் பட்டியலே கிடையாது.

பைத்தானில் இதே பட்டியலை டிக்ஷனரியாகக் கட்டி ரிட்டர்ன் என்று எழுதினால் முடிந்தது. சேர்த்த வரிசை குலையாது என்ற உத்தரவாதமும் 3.7-இலிருந்து உண்டு. அதற்காகப் பைத்தானைத் தலையில் தூக்கி வைக்க வேண்டியதில்லை. 'நாமக்கள்' என்று சாவியைத் தப்பாக அடித்தாலும் ஓடவிடும் வரை அது வாயைத் திறக்காது. கெட் மூலம் கேட்டால் அப்போதும் சத்தமில்லாமல் 'நன்' (None) என்று நீட்டும். தமிழ்ச் சாவிக்கு இன்னொரு வம்பு. 'ஈரோடு' என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்த்து இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. டிக்ஷனரிக்கோ அவை இரண்டு ஊர். பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் இரண்டையும் ஒன்றாக்கும். பட்டியல் முழுவதையும் ஒரே ஃபங்ஷன் கட்டித் தரும்போது அதை அந்த வாசலில் ஒருமுறை செய்தால் போதும். பாஷில் அதற்கும் வெளிக் கருவியைத்தான் கூப்பிட வேண்டும்.