தீவனத்தில் பிறக்கும் நிதானம்

எளிதில் மிரளும் தாரோபிரெட் குதிரை ஒன்றுக்குத் தீவனம் வகுப்பது நுட்பமான கலை என்பதும், அந்தக் கலைக்கு உண்மையான சோதனை வசந்தத்தில்தான் வருகிறது என்பதும் இங்கிலாந்தின் லாயங்களில் நெடுநாள் பழகியவர்கள் அறிந்தவை. குளிர்காலத்தில் உலர்புல்லைத் தின்று அடங்கியிருந்த குதிரை, ஏப்ரலில் இளம்புல் தழைத்ததும் சிறு சலசலப்புக்கும் துள்ளினால், பலரும் ஓட்ஸையே குறை கூறுவர். தேர்ந்தவரோ முதலில் மேய்ச்சல் நிலத்தைப் பார்ப்பார்.

பகல் வெயிலில் சர்க்கரையை ஆக்கும் புல், இரவுக் குளிர் ஏறத்தாழ 5 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் வளராமல் நின்றுவிடுவதால், செலவாகாத சர்க்கரை ஃபிரக்டன் என்னும் சேமிப்புப் பொருளாகத் தண்டில் தேங்குகிறது. அது மிகுதியாகப் பெருங்குடலை அடைந்தால் விரைந்து புளித்து அமிலமாகி, குளம்பின் உள்ளடுக்குகளைத் தாக்கும் லேமினைட்டிஸ் நோய்க்கும் வழிவகுக்கும். ஆதலால் உறைபனி இல்லாத நாட்களில் விடியலில் மேயவிட்டு வெயில் ஏறுமுன் லாயத்துக்குத் திருப்புவதும், உறைபனி படிந்த காலைகளில் மேய்ச்சலைத் தள்ளிப்போடுவதும் விவேகமாகும்.

குதிரையின் இரைப்பை ஓயாமல் அமிலம் சுரப்பது. மெல்லும்போது ஊறும் உமிழ்நீரே அதைத் தணிப்பது. எனவே 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 7.5 கிலோ உலர்பொருள் அளவுக்குப் புல்லோ உலர்புல்லோ கிடைக்கவேண்டும். தானியத்தை நிறையக் கொட்டிப் புல்லைக் குறைப்பது அடிப்படைப் பிழை. ஒரு வேளைத் தீவனத்தில் மாவுச்சத்து உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 கிராமுக்குள் அடங்குவது நல்லது, அதாவது ஓட்ஸ் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். உடல் மெலியாமல் தானியத்தைக் குறைக்க, வெல்லப்பாகு சேர்க்காத பீட் சக்கை, குதிரைமசால், சிறிது ஆளிவிதை எண்ணெய் ஆகியவை கைகொடுக்கின்றன. பொறுமையாக ஊறவைத்த பீட் சக்கையின் அழகே தனி: சாம்பல் நிறச் சருகு பலமடங்கு உப்பி, கையில் பிழிந்தால் நீர் கசிந்து, விட்டதும் மீண்டும் பொதபொதவென விரியும். இந்தத் தீவன மாற்றங்களைக் குடலின் நுண்ணுயிர்கள் பழகிக்கொள்ளும் வகையில் பத்துப் பதினைந்து நாட்களாகப் பரப்பிச் செய்வதில்தான் கைத்திறன் தெரிகிறது.

கோடையில் கவனம் உப்புக்கு மாறுகிறது. குதிரையின் வியர்வை அதன் இரத்தத்தைவிட உப்பு மிகுந்தது என்பதால், நன்கு வியர்க்கும் குதிரைக்கு நாளுக்குச் சுமார் 50 கிராம் சாதாரண உப்பைத் தீவனத்தில் கலந்து, தொட்டியில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்வர்.