ஒரே வட்டில் இரண்டு கைகள்

மெய்நிகர் கணினியின் வட்டு, வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கோப்புதான். ஈப்போவில் ஓர் அலுவலகம் தன் கணக்குகளையெல்லாம் அப்படியொரு கணினியில் வைத்திருக்கிறது என்று கொள்வோம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ ஒருவர் அதே கோப்பில் தனிக் கருவியால் ஸ்னாப்ஷாட், அதாவது அந்தக் கணத்தின் நிலைப்பதிவு, எடுக்கிறார். மெய்நிகர் கணினிகளை இயக்கும் கியூஎமு மென்பொருள் 2017 வரை இதைத் தடுக்கவில்லை. ஓடும் கணினியின் கோப்பை மாற்றாதீர்கள் என்ற எச்சரிக்கை மட்டும் ஆவணத்தில் இருந்தது.

கேடு விளையும் வழி எளிது. கியூஎமுவின் கியூகவ்2 வகை வட்டுக் கோப்பு, இடத்தை வழக்கமாக 64 கிலோபைட் துண்டுகளாகப் பங்கிடுகிறது. எந்தத் துண்டு நிரம்பியது, எது காலி என்ற அட்டவணையை ஓடும் நிரல் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்கிறது. வெளியிலிருந்து வந்த கருவி காலியென்று எடுத்த துண்டையே இதுவும் எடுக்கும். இரண்டில் ஒன்றின் தரவு அழியும். அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது.

ஒரே நிரலுக்குள்ளும் இதே சிக்கல் உண்டு: பேக்கப் நடக்கும்போது வட்டின் அளவை மாற்றலாமா, வட்டையே கழற்றலாமா? தொடக்கத்தில் இதற்கு 'பயன்பாட்டில் உள்ளது' என்ற ஒற்றைக் கொடிதான் விடை. பேராக் ரப்பர் தோட்டங்களில் காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், ஆளுக்கொரு நிரை ஒதுக்குவார்கள். ஒருவர் நிரையில் இன்னொருவர் மரம் சீவுவதில்லை. அந்த ஒற்றைக் கொடியோ, ஒருவர் உளியோடு இறங்கியதும் தோட்டத்தையே மூடிவிட்டது.

2014இல் வந்த 2.1 பதிப்பில் ஃபாம் ஜெங் எழுதிய தடைமுறை இதை மாற்றியது. ஒவ்வொரு செயலுக்கும் தனித் தடை. தடுத்ததற்கான காரணமும் கூடவே பதிவாகும். பயனருக்கு அந்தக் காரணமே பிழைச்செய்தியாகக் கிடைப்பது பெரிய நன்மை. ஆனால் அடிப்படை பலவீனமானது. செயலின் பெயரை வைத்துத் தடுப்பதால், புதிதாக ஒரு செயல் சேரும்போதெல்லாம் அது பழையவை ஒவ்வொன்றோடும் ஒத்துப்போகுமா என்று மனிதர் நினைவில் வைத்து முடிவு செய்ய வேண்டும்.

2017இல், 2.9 பதிப்பில், கெவின் வுல்ஃப் கொண்டுவந்த அனுமதி முறை கேள்வியையே திருப்பிப் போட்டது: உனக்கு என்ன வேண்டும், பிறருக்கு எதை விட்டுக்கொடுப்பாய்? வாசிப்பு, எழுத்து, அளவு மாற்றம் என்று தரவுக்கு என்ன நேர்கிறது என்பதே இங்கே கணக்கு. இதுவே சரியான வடிவம் என்பது என் துணிபு. ஆனாலும் பழைய தடைகள் உடனே அகற்றப்படவில்லை; இரண்டும் பல ஆண்டுகள் அருகருகே கிடந்தன. நிரலைப் படிப்பவர் இரண்டையும் மனத்தில் ஏந்த வேண்டியிருந்தது.

நிரலை மறுபார்வை செய்யும் வழக்கத்தை இங்கேதான் நிறுத்துப் பார்க்க வேண்டும். கியூஎமுவில் நடை விதிகள் கறாரானவை: வரி இயன்றவரை 80 எழுத்துக்குள், டேப் கூடாது, நான்கு இடைவெளி, உள்ளே ஒரே வரிதான் என்றாலும் நிபந்தனைக்கு அடைப்புக்குறி கட்டாயம். கடைசி விதியை யாரும் அற்பமென்று தள்ள வேண்டாம். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் திருத்திய பாதுகாப்புப் பிழையில், அடைப்புக்குறி இல்லாத நிபந்தனைக்குக் கீழ் ஒரே வரி இருமுறை விழுந்ததால் கையொப்பச் சரிபார்ப்பே தாண்டப்பட்டது.

ஆனால் லினக்ஸ் கருநிரலிலிருந்து எடுத்த செக்பேட்ச் என்ற சிறுநிரலே இவற்றில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். அப்படியிருக்க, ஒரு மனிதர் தன் கவனத்தை இடைவெளி எண்ணுவதில் செலவிடுவது வீண் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. போட்ட தடையை, வேலை பாதியில் முறிந்து திரும்பும் வழியில் எடுக்க மறந்தால், அந்த வட்டில் பிறகு அந்தச் செயலைச் செய்யவே முடியாது. இந்தப் பிழை, மாற்றத்தில் இல்லாத ஒரு வரி. இருக்கும் வரிகளின் அழகைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு அது படாது.

2017இலேயே 2.10 பதிப்பில் வந்த கோப்புப் பூட்டு, ஈப்போ அலுவலகத்தின் ஸ்னாப்ஷாட்டையும் தடுத்தது. அதற்கும் விலை இருந்தது: ஓடும் கணினியின் வட்டு விவரத்தை வெறுமனே வாசித்துவந்த கருவிகளும் பிழை காட்டி நின்றன. மேகக் கணிமை மென்பொருளான ஓப்பன்ஸ்டாக் நோவா போன்றவை 'ஃபோர்ஸ்-ஷேர்' விருப்பத்தைச் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்த விருப்பம் வாசிக்க மட்டுமே விடும், எழுத விடாது. சாதாரண நகலெடுக்கும் கட்டளையோ இந்தப் பூட்டைக் கேட்பதே இல்லை. எழுதிக்கொண்டிருக்கும் வட்டை அது இன்றும் பாதி பழையதும் பாதி புதியதுமாக நகலெடுத்துக் கொடுக்கும்.