புதிரும் பேரச்சமும்: ‘கால் ஆப் த சீ’ என்னும் கணினி விளையாட்டு பற்றிய திறனாய்வு

நாவலும் நாடகமும் திரைப்படமும் இறையியலாரின் ஆய்வுக்கு உரியனவென்று நாம் ஏற்றுக்கொண்டு பல்லாண்டுகள் ஆயின. கணினி விளையாட்டோ இன்னும் சிறுவர் பொழுதுபோக்கு என்றே நம்மிடையே எண்ணப்படுகிறது. ஆனால் நம் சபை இளைஞர் பலர், அருளுரைகளில் கேளாத வினாக்களை அங்கே சந்திக்கின்றனர். இப்பேரண்டத்தில் மனிதனுக்கு இடம் உண்டா என்பது அவற்றுள் ஒன்று. அதனை நேர்முகமாக எழுப்பும் ஒரு விளையாட்டை ஈண்டு நோக்குவோம்.

‘கடலின் அழைப்பு’ என்று பொருள்படும் இவ்விளையாட்டை ஸ்பெயின் நாட்டின் ‘அவுட் ஆப் த புளூ’ குழுவினர் உருவாக்கினர். 2020 டிசம்பரில் வெளிவந்தது. கதை நிகழும் ஆண்டு 1934. நோரா என்னும் பெண் குலவழி வந்த நோயால் நலிந்தவள். அந்நோய்க்கு மருந்து தேடிச் சென்று திரும்பாத கணவன் ஹாரியை நாடி, தென் பசிபிக்கில் ஒரு தீவில் வந்திறங்குகிறாள். ஆடுபவர் அவள் கண்களாலேயே யாவற்றையும் காண்கிறார். கைவிடப்பட்ட கூடாரங்கள், கடிதங்கள், கல்லில் பொறித்த குறிகள் ஆகியவற்றை ஆராய்ந்து, குறிப்பேட்டின் துணையோடு புதிர்களை அவிழ்த்து முன்செல்ல வேண்டும். போரும் கொலையும் இதில் இல்லை.

இதன் வேர் அமெரிக்க எழுத்தாளர் எச். பி. லவ்கிராப்ட் (1890–1937) எழுதிய கதைகளில் உள்ளது. தந்தையும் தாயும் மனநோய் மருத்துவமனையிலேயே மாண்டதைக் கண்ட அவர், கடவுள் நம்பிக்கை அற்றவர். பேய்க்கதையில் பேய் மனிதனை வெறுக்கிறது. லவ்கிராப்டின் அண்டமோ அவனை வெறுப்பதுகூட இல்லை. அவனைப் பொருட்படுத்துவதே இல்லை. இதனை அண்டப் பேரச்சம் எனலாம்.

இப்பேரச்சத்தைப் புதிர் விளையாட்டாக ஆக்கியதில் ஒரு முரண் தோன்றுகிறது. அண்டம் மனித அறிவுக்கு எட்டாதது என்கிறது கதை. ஒவ்வொரு பூட்டுக்கும் திறவுகோல் உண்டு, பொறுமையோடு தேடுவோர் அதைக் கண்டடைவர் என்கின்றன புதிர்கள். ஒருவரையும் பொருட்படுத்தாத அண்டம் நமக்காக விடைகளை வரிசைப்படுத்தி வைத்திருக்குமோ? புதிர் என்றாலே அதை அமைத்தவர் ஒருவர் உண்டு. அது அவிழ்க்கப்பட வேண்டுமென்னும் விருப்பமும் அவருக்கு உண்டு. அத்தகைய ஒருவர் இல்லை என்பதே லவ்கிராப்டின் அச்சத்துக்கு அடிப்படை. எனவே ஒவ்வொரு கதவும் திறக்குந்தோறும் இங்கே அச்சம் தேய்கிறது. ஆடுபவரின் தன்னம்பிக்கை வளர்கிறது.

மற்றொரு குறையும் உண்டு. 1936இல் வெளிவந்த லவ்கிராப்டின் இன்ஸ்மத் கதையில், கடல்வாழ் இனத்தின் இரத்தம் தன்னிலும் ஓடுவதை ஒருவன் கண்டறிந்து நடுங்குகிறான். கலப்பு இரத்தத்தைப் பற்றிய அருவருப்பு அக்கதையெங்கும் விரவியுள்ளது. விளையாட்டு இதனைத் தலைகீழாக்கி, நோராவின் இரத்தத்தில் உள்ளதை இழிவாகக் கொள்ளாமல் மேன்மையாகக் காட்டுகிறது. இது வரவேற்கத்தக்க திருத்தமே. எனினும், ஒருவர் யார் என்பதை இரத்தமே தீர்மானிக்கும் என்னும் கொள்கையை அது கைவிடவில்லை. சாதியின் தீமையை அறிந்த நம் திருச்சபை இதனை எளிதில் ஒப்பலாகாது.

ஆயினும் இறுதிக் கட்டத்தில் இவ்விளையாட்டு தன்னையே விஞ்சுகிறது. கடலுக்குரியவளாக மாறி, நோய் நீங்கி, கணவனைப் பிரிவதா? நோயோடும் கணவனோடும் குறுகிய வாழ்வை ஏற்பதா? நோராவுக்காக ஆடுபவரே தெரிவு செய்ய வேண்டும். குறிப்பேட்டில் இதற்கு விடை இல்லை. ஒன்றை இழந்தே மற்றொன்றைப் பெற இயலும். புதிர்கள் முடிந்த இடத்தில்தான் வாழ்வின் வினா தொடங்குகிறது.

தென்காசி வட்டாரத்தில் ஊழியம் செய்வோர்க்கு இது தொலைவான செய்தி அன்று. குற்றாலத்தின் பேரருவி மலையுச்சியிலிருந்து நேரே நம் தலைமேல் விழுவதில்லை. இடையிலுள்ள பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பாறைக்குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பின்னரே பொங்கி வழிகிறது. ஆதலால் குழந்தையும் முதியவரும் அதன்கீழ் நின்று மகிழ முடிகிறது. ஆனால் 2024 மே மாதத்தில் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பெருகி, பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது, அவன் உயிரிழந்தான். நலந்தரும் என்று நாடிவரும் நீரே உயிரையும் கொண்டுபோகிறது. அத்தகைய இழப்பை அடைந்த வீட்டுக்குள் ஆயர் நுழையும்போது, லவ்கிராப்டின் வினா அவருக்கு முன்னரே அங்கே அமர்ந்திருக்கும்.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் அவனோடு தரையில் அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல ஆயர்களே. பேசத் தொடங்கியதும் அவன் துயரத்தைப் புதிராக்கி, மறைந்த பாவம் என்னும் திறவுகோலால் அதைத் திறக்க முயன்றனர். யோபு 38 முதல் 41 வரையுள்ள அதிகாரங்களில் கடலும் விண்மீன்களும் லிவியாதானும் மனிதனைச் சிறியவனாக்கி நிற்கின்றன. இவ்வளவில் லவ்கிராப்டும் மறுக்கமாட்டார். யோபுவின் வினாவுக்கு அங்கே விடையும் தரப்படவில்லை. ஆனால் பெருங்காற்றிலிருந்து பேசுகிறவர் அவனை நோக்கியே பேசுகிறார். பொருட்படுத்தாத அண்டத்துக்கும் படைத்தவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே. சிலுவையில் அது முழுமையாக வெளிப்பட்டது.

ஆகவே இளைஞர் கூட்டங்களில் இவ்விளையாட்டைக் கண்டிக்க முற்படுவதினும், ஆடியவரிடம் இரு முடிவுகளுள் எதைத் தெரிந்தீர், ஏன் தெரிந்தீர் என்று கேட்பது பயன் தரும். விடையை முழுவதும் கேட்டபின் நாம் பேசத் தொடங்கலாம்.